எங்கள் வீட்டுக்கு அந்த நோய் எந்தப் பருவத்தில், எதிலிருந்து வந்தது?

இரத்தக் குழாய் அழற்சி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது டோக்கியோவில், எங்கள் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம் ஆகியிருந்த ஒரு ஜனவரியில். காப்பகத்தில் பாதிக் குழந்தைகளுக்கு மூக்கொழுகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதனால் 39 டிகிரிக்குக் கீழே இறங்காத காய்ச்சலை நான்கு நாட்கள் வரை சளிக்காய்ச்சல் என்றே எண்ணிக் கஞ்சியும் மருந்துமாக ஓட்டினோம். ஐந்தாம் நாள் காலையில் அவன் கண்கள் பீளை இல்லாமலேயே சிவந்திருந்தன. உதடுகள் வெடித்திருந்தன, நாக்கு ஸ்ட்ராபெர்ரிப் பழம் போலச் சிவந்து புள்ளிபுள்ளியாகத் தடித்திருந்தது, பாதங்கள் வீங்கியிருந்ததால் காலுறை ஏற மறுத்தது.

மருத்துவர் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டே முதலில் பார்த்தது அவனுடைய மேல்கையை. ஜப்பானில் காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியை ஒன்பது நுண்ணூசிகள் கொண்ட முத்திரையால் இரண்டு முறை அழுத்திப் போடுவார்கள். பதினெட்டுப் புள்ளிகள் பதியும். ஆறிப்போய் ஓராண்டைத் தாண்டியிருந்த அந்தப் புள்ளிகள் அனைத்தும் அன்று மீண்டும் சிவந்து புடைத்திருந்தன. இரத்தக் குழாய் அழற்சியில் ஒரு வகையான கவாசாகி நோய் என்று சொல்ல அவருக்கு அதன் பிறகு அதிக நேரம் பிடிக்கவில்லை. நம் ஊர்க் குழந்தைகளின் தோளில் இருக்கும் ஒற்றைத் தழும்பும் இந்த நோயில் இப்படிச் சிவக்கக்கூடும் என்பதைப் பின்னர் அறிந்தபோது, இதை ஏன் எந்தத் தாய்க்கும் யாரும் சொல்வதில்லை என்று எனக்குக் கோபமே வந்தது.

அன்றே மருத்துவமனையில் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்ற கணக்கில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தைச் சொட்டுச்சொட்டாக ஏற்றினார்கள். கூடவே ஆஸ்பிரின் கொடுத்தார்கள். சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் புடைத்துவிடும் என்றும், முதல் பத்து நாட்களுக்குள் மருந்து ஏறிவிட்டால் அது நூற்றுக்கு நான்கைந்து பேராகக் குறையும் என்றும் விளக்கினார்கள். அவனுடைய இதயத்தை எக்கோ என்னும் ஒலியலைச் சோதனையில் பார்த்தபோது கோளாறு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரத்தில் விரல் நுனிகளில் தோல் உரிந்தது. அதுவும் நோயின் வழக்கம்தான் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

பதற்றம் வேறு இடத்திலிருந்து வந்தது. ஊரிலிருந்து பேசியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள், குளிரில் எங்கே கூட்டிக்கொண்டு போனீர்கள்? மாமியார் தொலைபேசியில் அழுதபடி, "அந்தப் பனி தேசத்துல புள்ளைய வெளியில தூக்கிட்டுத் திரிஞ்சா இப்படித்தான் ஆகும்" என்றார். நானும் என் பங்குக்குக் காரணம் தேடினேன். நோய் வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் நாங்கள் வீட்டுக் கம்பளத்தைக் கழுவியிருந்தோம். 1980களில் அமெரிக்காவில் கம்பளம் கழுவுவதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள் எனப் படித்ததும் எனக்கு உறக்கம் போயிற்று. பிந்தைய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை என்ற அடுத்த பத்தியைப் படிக்க எனக்கு மூன்று நாட்கள் ஆயின.

ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டொமிசாகு கவாசாகி இந்த நோயுடன் முதல் குழந்தையைப் பார்த்தது 1961 ஜனவரியில். ஐம்பது குழந்தைகளைப் பற்றி எழுதி வெளியிட்டது 1967இல். அதற்குப் பின் இத்தனை ஆண்டுகள் ஆகியும் காரணி எதுவென்று பிடிபடவில்லை என்றாலும், நோய்க்கு ஒரு நாட்காட்டி இருப்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஜப்பானில் அது ஜனவரியில் உச்சம் தொடுகிறது, கோடையில் மீண்டும் கொஞ்சம் எழுகிறது, அக்டோபர் வாக்கில் மிகவும் அடங்கிவிடுகிறது. 1979, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் கொள்ளைநோய் போலவே நாடு முழுவதும் பரவியது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, நடு ஆசியாவிலிருந்து ஜப்பானுக்கும் அதைத் தாண்டி ஹவாய், சான் டியாகோ வரைக்கும் வீசும் உயரக் காற்று வலுக்கும் காலத்தில் நோயாளிகள் கூடுவதைக் காட்டியது. 2014இல் அதே குழுவினர் வடகிழக்குச் சீனத்தின் வேளாண் நிலங்களைச் சுட்டி, விமானத்தில் சேகரித்த காற்று மாதிரிகளில் காண்டிடா வகைப் பூஞ்சை மிகுதியாக இருந்ததாகவும் சொன்னார்கள். இது மெய்ப்பிக்கப்பட்ட முடிவு அல்ல. 2020இல் முகக்கவசமும் வீடடங்கலுமாக இருந்தபோது ஜப்பானில் நோயாளிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தார்கள். காற்று என்னவோ அந்த ஆண்டும் வீசிக்கொண்டுதான் இருந்தது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் ஏதோ ஒரு கிருமிக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். எப்படியானாலும், அது நான் கழுவிய கம்பளம் அல்ல. உங்கள் வீட்டில் இந்த வகை நோய் எப்போது, எந்தச் சூழலில் வந்தது என்பதைச் சொல்லுங்கள்.

* * *

எங்கள் அப்பாவின் கதையில் காற்றைத் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள், அம்மாவும் சுற்றினார். கழித்துக் கட்டப்படும் பீடிகளை அப்பா எடுத்துக்கொள்வார். முப்பத்தாறு வயதில் அவருக்கு நடந்தால் உள்ளங்காலும் கெண்டைக்காலும் இறுக்கிப் பிடிக்கத் தொடங்கின. நின்றால் வலி விடும், மீண்டும் நடந்தால் பிடிக்கும். நரம்பு வலி என்று இரண்டு வருடம் எண்ணெய் தேய்த்தார். மார்கழியில் விடியுமுன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வரும் நாட்களில் விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, படுத்தாலும் வலி விடாமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டபடியே இரவைக் கழிப்பார். அதனால் வீட்டில் எல்லோரும் இதைப் பனியால் வந்த நோய் என்றே நம்பினோம். ஒரு தை மாதத்தில் இடதுகால் சுண்டுவிரல் கருத்தது.

பர்ஜர் நோய் என்றார் பெரியாஸ்பத்திரி மருத்துவர். 1908இல் நியூயார்க்கில் லியோ பர்ஜர் விரிவாக எழுதிய இந்த நோய், பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு உட்பட்ட, புகையிலைப் பழக்கம் உள்ள ஆண்களுக்கு வருகிறது. கைகால்களின் சிறிய, நடுத்தர இரத்தக் குழாய்கள் அழற்சியுற்று உள்ளே உறைகட்டி அடைத்துக்கொள்கின்றன. பனி நோயை உண்டாக்குவதில்லை என்றும், ஏற்கெனவே அடைபட்டிருக்கும் குழாயை மேலும் சுருக்கி வலியைக் கூட்டுகிறது என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். நாங்கள் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தது மார்கழியை. குற்றவாளியோ அம்மாவின் முறத்தில் இருந்தது.

சுண்டுவிரலை எடுத்தார்கள். குறைத்துக்கொள்கிறேன் என்று அப்பா சொன்னபோது, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பீடி கூட நோயை உயிரோடு வைத்திருக்கும் என்றும், வாயில் அடக்கும் புகையிலையும் கூடாது என்றும், முழுவதுமாக விட்டால்தான் மற்ற விரல்கள் மிஞ்சும் என்றும் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விட்டார். விட்ட முதல் மாதத்தில் வீட்டில் யாரும் அவரோடு பேச முடியாத நிலை இருந்தது. பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு ஒரு விரலும் போகவில்லை. மார்கழியில் மட்டும் இன்றும் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்வார். அம்மா இப்போதும் பீடிதான் சுற்றுகிறார், வேறு வருமானம் இல்லாததால். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

* * *

கவாசாகியையும் ஜப்பானையும் படித்ததும் எனக்குக் கோபே நிலநடுக்கம் நினைவுக்கு வந்தது. என் கணவர் கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் அறுத்து மெருகூட்டும் பட்டறை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். மூக்கில் இரத்தம் கலந்த பொருக்கு, பிறகு இருமலில் இரத்தம், பிறகு நுரைத்துப்போன சிறுநீர் என்று வரிசையாக வந்தன. காசநோய் மாத்திரைகளை இரண்டு மாதம் விழுங்கிய பின்தான், சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்து, ஆன்கா என்னும் எதிர்ப்பொருளோடு சேர்ந்து வரும் இரத்தக் குழாய் அழற்சி என்று கண்டறிந்தார்கள். வாத நோய் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்பதுதான், அதுவரை பார்த்த நால்வரில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. கல்லை அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூளுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் பார்க்கப்பட்டிருக்கிறது. 1995 ஜனவரியில் கோபே நகரம் இடிந்து, இடிபாடுகளின் தூசு படர்ந்த பிறகு அந்தப் பகுதியில் இந்த நோய் கூடியதாக ஜப்பானிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று அந்த வாத நோய் மருத்துவர்தான் சொன்னார். பட்டறையில் தண்ணீர் விட்டு அறுத்தால் தூள் பறக்காது. ஆனால் கோடையில் தண்ணீர் லாரி வராத நாட்களில் உலர்வாகவே அறுப்பார்கள், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு.

* * *

எங்கள் மகளுடையது இவ்வளவு கடுமையானது அல்ல. ஆறு வயதில், டிசம்பரில், தொண்டைவலி ஆறிய பத்தாம் நாள் கால்களிலும் பின்புறத்திலும் அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள், முழங்கால் வீக்கம், வயிற்றுவலி. ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் குழாய்களில் படிவதால் வரும் ஐஜிஏ இரத்தக் குழாய் அழற்சி என்றார்கள். குளிர்காலத் தொண்டைத் தொற்றுகளைத் தொடர்ந்து குழந்தைகளுக்கு வருவது, கோடையில் அரிது, பெரும்பாலும் தானாக ஆறிவிடும். ஆனால் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க ஆறு மாதம் வரை சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார்கள். புள்ளிகள் மறைந்ததும் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். டோக்கியோவில் இருப்பவரிடம் ஒரு கேள்வி: ஒவ்வொரு குளிர்காலத்திலும் உங்களுக்குப் பயம் வருகிறதா?

* * *

வருகிறது. ஜப்பானில் மறுமுறை வருவது நூற்றில் மூன்று நான்கு குழந்தைகளுக்குத்தான் என்று தெரிந்தும் வருகிறது. ஆஸ்பிரின் கொடுக்கும்போது இன்ஃப்ளுயென்சா வந்தால் குழந்தைக்கு ஆபத்து என்பதால், அந்தக் காலத்தில் அது வந்துவிடக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டோம். இம்யூனோகுளோபுலின் ஏற்றியதால் அம்மைத் தடுப்பூசியை ஆறு மாதம் தள்ளிப் போட்டார்கள். இப்போது அவனுக்கு ஐந்து வயது. காய்ச்சல் என்றால் மற்றவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்; நானும் கணவரும் முதலில் சட்டைக்கையைச் சுருட்டி அந்தப் பதினெட்டுப் புள்ளிகளைத்தான் பார்க்கிறோம்.