நம்மூர்ப் பள்ளிக்கூடம் குழு: வெள்ளிக்கிழமை பொழுதோட

பெரிய டீச்சர், 5:42
எல்லாருக்கும் வணக்கமுங்க. நேத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் போனப்ப எடுத்த போட்டோ எல்லாம் போட்டிருக்கறேன். அங்கன்வாடிப் பொடுசுகளையும் சேத்துத்தான் கூட்டிட்டுப் போனோம். ஒண்ணு கூட அழுகல.

மேக்காலத் தோட்டத்து மாமா, 5:47
வேன் வாடகை யாருங் குடுத்தது?

பெரிய டீச்சர், 5:48
மேலாண்மைக் குழுவுல பேசி ஏற்பாடு பண்ணுனோமுங்க. டீசலுக்குப் பாலுக்காரண்ணன் குடுத்தாரு.

பாலுக்கார அண்ணன், 5:50
அதைய எதுக்குங் டீச்சர் இங்க போட்டுக்கிட்டு. புள்ளைக பாத்துட்டு வந்துச்சுகளே, அது போதுமுங்க.

நான், 5:55
என்ற சின்னவ வந்ததுலருந்து வாய மூடல. கூழைக்கடாவுக்குத் தாடைக்கு அடியில பை இருக்குதாமா. தண்ணியோட மீனை அள்ளி, தண்ணிய மட்டும் வடிச்சுட்டு முழுங்குமாமா. அவங்க அப்பாரு சோத்துல வெச்ச கைய எடுக்காமக் கேட்டுட்டிருந்தாரு. பாம்புத்தாரா எப்படி ரெக்கைய விரிச்சு வெயில்ல காயவெக்கும்னு திண்ணை மேல நின்னு காட்டறா.

அங்கன்வாடி அக்கா, 5:58
இங்கயும் அதேதாங்க. இன்னைக்குத் தட்டப்பயிறு, கொள்ளு, கம்பு மூணையும் கலந்து வெச்சுப் பிரிக்கச் சொன்னேன். விரலு வலுவானாத்தான் நாளைக்குப் பென்சில் புடிக்க வரும். நம்ம மூணு வயசுக் குட்டி ஒருத்தி ஒவ்வொண்ணையும் ரெண்டு விரல்ல எடுத்து ‘இது நாரை கொத்துது’ங்கறா.

வெள்ளோட்டு அத்தை, 6:04
எங்கம்மா வீடு அந்தக் கொளத்துப் பக்கந்தானுங்க. குருவிக பயந்துக்கும்னு அங்க சுத்துப்பட்டு ஊர்ல தீபாவளிக்கு வெடி வெடிக்கறதில்ல. எங்கண்ணன் புள்ளைகளுக்கு மத்தாப்போட செரி. 1996-ல சரணாலயம்னு அறிவிச்சாங்க, 2022-ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்லயும் சேத்துட்டாங்க. நாங்க சின்னதுல மாடு மேச்ச கொளத்தைப் பாக்க எங்கெங்கிருந்தோ வர்றாங்க. டீச்சர் புள்ளைகளைக் கூட்டிட்டுப் போனது எனக்கு நெம்ப சந்தோசமுங்க.

தறிக்கார அண்ணன், 6:20
எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஒண்ணு கேக்கறேன், டீச்சர் தப்பா நெனைக்காதீங்க. பையன் ரெண்டாவது முடிக்கப் போறான். அடுத்த வருசம் வேன் வர்ற பள்ளிக்கூடத்துல சேத்திரலாம்னு வீட்ல சொல்றாங்க. குருவி பாக்கறது, மண்ணுல பொம்மை செய்யறது எல்லாம் செரி. படிப்பு எங்கங்க வருது? இங்கிலீசு வேணுமில்லீங்களா?

மேக்காலத் தோட்டத்து மாமா, 6:26
தம்பி, மண்ணுப் பொம்மைன்னு சாதாரணமாச் சொல்லிப்போட்டீங்க. அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு நடத்தற கலைத் திருவிழாவுல வட்டார அளவுல மொதப் பரிசு வாங்குச்சே அந்த அஞ்சாவது புள்ள, அது என்ற கட்டுத்தரைக்கு மூணு நாள் வந்துச்சு. கையில டெய்லர் டேப்பு. காளையோட நீளம், திமிலு ஒசரம், கொம்புக்குக் கொம்பு எத்தனைன்னு அளந்து நோட்டுல எழுதிக்கிச்சு. நான் கயித்தப் புடிச்சுட்டு நின்னேன். பொறவு எல்லாத்தையும் பத்தால வகுத்து, அந்த அளவுக்குப் பொம்மை செஞ்சுச்சு. கணக்கு அங்க வருதுங் தம்பி.

மேக்காலத் தோட்டத்து மாமா, 6:29
இன்னொண்ணு. ‘காளை மயிலையா, சாம்பல் நெறத்துல இருக்குது, கன்னுக்குட்டி ஏனுங் தாத்தா செவப்பா இருக்குது’ன்னு கேட்டுச்சு. காங்கேயங் கன்னு பொறக்கறப்ப செவப்பாத்தான் இருக்கும், ஆறு மாசத்துல நெறம் மாறிரும்னேன். கன்னை மட்டும் செம்மண்ணுல செஞ்சு காளைக்குப் பக்கத்துல நிறுத்தீருச்சு. அறுவது வருசமா மாடு கட்டறேன், அந்தக் கன்னைப் பாத்து எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

நான், 6:41
அண்ணா, என்ற பெரியவன் ரெண்டாவது வரைக்கும் வேன்ல போனவந்தான். எந்தப் பள்ளிக்கூடம்னு வேண்டாம். வீட்டுப்பாடம் முத்து முத்தா எழுதுவான். ஒரு நாள் பேப்பர்ல மழைச் செய்தியப் படிடான்னேன். ஒரு வரி வரல. படத்தப் பாத்து அவனாக் கதை சொல்றான். அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. இங்க மூணாவதுல சேத்தப்ப டீச்சர் பக்கத்துல உக்கார வெச்சு எழுத்து எழுத்தாக் கேட்டுட்டு ஆரம்ப நிலை அரும்புல போட்டாங்க. சின்னப் புள்ளைகளோட உக்காந்திருக்கறதப் பாத்து அழுதுட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இப்ப மேல் நிலை மலருக்கு வந்துட்டான். நாலாவது, அஞ்சாவதுக்கு வர்ற ‘ஊஞ்சல்’ இதழை அக்காமாருங்ககிட்ட வாங்கிட்டு வந்து ராத்திரி அப்பாருக்குப் படிச்சுக் காட்டறான்.

பெரிய டீச்சர், 6:55
கேக்கறதுல ஒரு தப்பும் இல்லீங்க. கொரோனாவுல பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்ததுல புள்ளைகளுக்கு எழுத்தே உட்டுப்போச்சு. அதுக்குத்தான் 2022 ஜூன்ல ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்துச்சு. எந்த வகுப்புன்னு பாக்கறதில்ல, எந்த நிலையில இருக்குதுன்னு பாத்துச் சொல்லிக் குடுக்கறோம். அரும்பு, மொட்டு, மலர். தமிழ், கணக்கோட இங்கிலீசும் அதுல இருக்குதுங்க. உங்க பையன் நேத்து வேன்ல வர்றப்பவே மடியில நோட்ட வெச்சு எழுதுனதப் பாருங்க. தமிழ்ல ஆறு வரி, இங்கிலீசுல மூணு வரி. ஸ்பெல்லிங் ரெண்டு தப்பு, திங்கக்கிழமை திருத்திக்கலாம். (நோட்டுப் படம்)

கம்பெனி அக்கா, 7:15
இப்பத்தானுங் பஸ்ஸு எறங்கறேன். எனக்குக் காலைல ஏழரைக்கே வண்டி. 2023 ஆகஸ்ட்ல காலைச் சாப்பாடு நம்ம பள்ளிக்கூடத்துக்கு வர்ற வரைக்கும் என்ற பையன் வரட்டீயக் குடிச்சுட்டுத்தான் ஓடுவான். இப்பப் புதன்கிழமை பொங்கலுன்னா அவனே எந்திரிச்சுக்கறான். அந்தச் சமையலக்காங்க நல்லா இருக்கோணும்.

தறிக்கார அண்ணன், 7:31
அந்த நோட்டு அவன் எழுதுனதுங்களா? வீட்ல ஒண்ணுமே சொல்லலையே.

பெரிய டீச்சர், 7:32
தறிச் சத்தத்துல சொல்லியிருப்பானுங்க. உக்கார வெச்சுக் கேளுங்க.

தறிக்கார அண்ணன், 9:08
(குரல் பதிவு, 0:48)

தறிக்கார அண்ணன், 9:10
நிறுத்தி நிறுத்திப் படிக்கறான். ஆனா அவனாப் படிக்கறானுங்க. அவங்கம்மா ரெண்டு தடவை படிக்கச் சொல்லிட்டா. டீச்சர், திங்கக்கிழமை வகுப்புல வந்து ஒரு மணி நேரம் உக்காரலாமுங்களா? தறிய நிறுத்தி வெக்கறேன்.

பெரிய டீச்சர், 9:12
தாராளமா வாங்க. வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க.

அங்கன்வாடி அக்கா, 9:15
டீச்சர், ஆண்டு விழாவுக்குக் காளையும் கன்னும் மேசை மேல வெச்சா நம்ம பொடுசுக கொம்பைப் புடிச்சு இழுத்துருமுங்க. அலமாரி மேல வெச்சரலாமா?

பெரிய டீச்சர், 9:16
மேல வெச்சாச் சின்னதுகளுக்குத் தெரியாதுங்க. மேசையிலயே இருக்கட்டும், செஞ்ச புள்ளையவே பக்கத்துல நிறுத்தி விளக்கம் சொல்ல வெக்கலாம்.

மேக்காலத் தோட்டத்து மாமா, 9:20
அப்ப நெசக் காளையையும் வாசல்ல கொண்டாந்து கட்டிப்போடறேன். சேரு 100 சொல்லியாச்சு. மைக்செட்டுக்கு யாரு சொல்றீங்க?

பாலுக்கார அண்ணன், 9:21
நான் சொல்லீர்றனுங் மாமா.