கலைச்சொல் வேண்டல்: ஸ்பாண்டைலோடிசைட்டிஸ் – அழற்சியா, தொற்றா?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

முள்ளெலும்புகளையும் அவற்றுக்கு இடையிலுள்ள வட்டையும் (டிஸ்க்) கிருமி தாக்கும் நோயான ஸ்பாண்டைலோடிசைட்டிஸ் என்பதற்கு இந்த இழையில் இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: தண்டுவடத் தொற்று, முள்ளெலும்புத் தட்டழற்சி, முதுகெலும்பு ஜவ்வு அழற்சி. முதலாவதை விலக்கிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். தண்டுவடம் என்பது முதுகெலும்புக் குழாய்க்குள் இறங்கும் நரம்புத் திரள். இந்நோயில் கிருமி தங்குவதோ அதைச் சூழ்ந்த முள்ளெலும்புகளிலும் அவற்றுக்கு இடையிலுள்ள வட்டிலும். அங்கிருந்து சீழ் பின்னோக்கிப் பரவித் தண்டுவடத்தை அழுத்தும்போதுதான் கால்கள் வலுவிழக்கின்றன, சிறுநீர் அடைபடுகிறது, அறுவை சிகிச்சை அவசரமாகிறது. நோய் இருக்கும் இடத்தையும் அதனால் ஆபத்துக்குள்ளாகும் உறுப்பையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பலாகாது.

ஜவ்வு என்பது மக்கள் நாவில் பழகிய சொல்தான். ஆனால் முழங்காலில் கிழிவதும் ஜவ்வு, முதுகில் விலகுவதும் ஜவ்வு என்று இருக்கையில் அது கலைச்சொல்லாக நிற்காது. தட்டு என்பதையும் நான் ஏற்கத் தயங்குகிறேன். முள்ளெலும்பின் மேலும் கீழும் வட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய பரப்பை முனைத்தட்டு என்கிறோம். வளர்ந்தவர்களின் வட்டுக்குள் இரத்தக்குழாய்கள் இல்லாததால், இரத்தத்தில் வரும் கிருமி பெரும்பாலும் முனைத்தட்டை ஒட்டிய எலும்பில் முதலில் தங்கி, பிறகே வட்டுக்குள் நுழைகிறது. நோய் தொடங்கும் இடத்தின் பெயரிலேயே தட்டு இருப்பதால், இடையிலுள்ளதை வட்டு என்பதே தெளிவு. வட்டைக் கணினித் துறை எடுத்துக்கொண்டுவிட்டதே என்று ஒரு நண்பர் வருந்தியிருந்தார், எம்.ஆர்.ஐ. அறிக்கையில் வன்வட்டை (ஹார்ட் டிஸ்க்) யாரும் தேடப்போவதில்லை.

இனி அழற்சியா தொற்றா என்ற கேள்விக்கு வருகிறேன். மூலச்சொல்லின் ‘ஐட்டிஸ்’ என்ற ஈறு அழற்சியையே குறிக்கிறது. இருந்தும், நோயாளி அழற்சி என்பதை வெறும் வீக்கம் என்று எளிதாக எடுத்துக்கொண்டு வலிமாத்திரையோடு நின்றுவிடக்கூடும் என்று சொல்லி, தொற்று என்றே ஆக்கலாம் என்று முந்தைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான அச்சம்தான். ஆயினும் நோய் எப்படிக் கண்டறியப்படுகிறது என்பதைப் பார்த்தால் இரண்டு சொற்களுமே தேவை என்று எனக்குத் தோன்றுகிறது.

எக்ஸ்ரே முதல் சில வாரங்களில் ஒன்றும் காட்டாமல் போகலாம். எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் இரு வகைப் படங்களில், டி1 வகையில் எலும்பு மஜ்ஜை கருத்தும், டி2 வகையில் மஜ்ஜையும் வட்டும் வெளுத்தும் தெரியும். கடோலினியம் என்னும் நிறவேறுபாட்டு மருந்தை இரத்தத்தில் செலுத்தினால் அப்பகுதிகள் ஒளிரும். இவையெல்லாம் நீர்கோத்தலின், அதாவது அழற்சியின் அடையாளங்கள். கிருமியே இல்லாத, மோடிக் முதல்வகை எனப்படும் முதுகெலும்புத் தேய்மானத்திலும், முதுகெலும்பை இறுகச் செய்யும் மூட்டுவாதத்தில் வரும் ஆண்டர்சன் சிதைவிலும் ஏறக்குறைய இதே தோற்றம் வரக்கூடும். இரத்தத்தில் அழற்சியை அளக்கும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகளும் உடல் கனன்றுகொண்டிருப்பதைச் சொல்லுமே தவிர, கனலை மூட்டியது யார் என்று சொல்லா. அதைச் சொல்லக்கூடியவை இரத்தத்தின் நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனையும், சி.டி. படத்தின் துணையோடு ஊசியால் எடுக்கும் திசுவும்தாம். (‘பிளட் கல்ச்சர்’ எனும் அந்த வளர்ப்புச் சோதனையை இயந்திர மொழிபெயர்ப்பில் ‘இரத்தக் கலாச்சாரம்’ என்று கண்டு ஒரு மாலைப்பொழுது முழுவதும் சிரித்தேன்.) நோயாளியின் நிலை அனுமதித்தால், கிருமிக்கொல்லி மருந்து தொடங்கும் முன்பே ஊசியால் திசு எடுப்பதற்கும் காரணம் இதுவே, மருந்து உள்ளே போனபின் கிருமி அகப்படும் வாய்ப்புக் குறைகிறது.

காசநோயைத் தனியே பிரிக்க வேண்டும். முதுகெலும்பில் வரும் காசநோயை மருத்துவமனைகளில் இன்றும் பாட்ஸ் ஸ்பைன் என்றே சொல்கிறார்கள். ஆங்கில அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் அதை விவரித்தது 1779இல். ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டது 1882இல். நூறாண்டுக்கு மேல் அந்நோய் தோற்றத்தால் மட்டுமே பெயர்பெற்று வாழ்ந்தது. மேலும், காசநோய்க் கிருமியிடம் வட்டின் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் இல்லாததால், சீழ் உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி விரைந்து அழிக்கும் வட்டு இங்கே நெடுநாள் தப்பி நிற்கிறது. வட்டு என்ற சொல்லே அதன் தொடக்க நிலைக்குப் பொருந்தாது. முள்ளெலும்புக் காசநோய் என்பதே போதும். அதற்கான வளர்ப்புச் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும்; கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையோ ஏறக்குறைய 2 மணி நேரத்தில் கிருமியையும், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அதன் எதிர்ப்பையும் காட்டிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: படம் பார்ப்பவர் எழுதுவது முள்வட்டழற்சி, ஆய்வகம் உறுதிசெய்தபின் எழுதுவது முள்வட்டுத் தொற்று. முள்வேலி போலப் புணர்ச்சி இயல்பாகவே அமைகிறது. முள்ளும் வட்டும் என விரியும் உம்மைத்தொகையாக இதைக் கொள்ள வேண்டும். முள்ளின் வட்டு என்று விரித்தால் எலும்பு விடுபட்டுவிடும்.

அன்புடன்.

> எல்லாச் சோதனையும் செய்தும் சிலரிடம் கிருமி வளர்வதே இல்லை. ஆனாலும் தொற்று என்று முடிவுசெய்து வாரக்கணக்கில் மருந்து தருகிறோம். உங்கள் பிரிவினையில் இவர்கள் எங்கே நிற்பார்கள்?

மருத்துவ நண்பரின் கேள்வி என் வரையறையின் ஓட்டையைச் சரியாகத் தொட்டுவிட்டது. ‘ஆய்வகம் உறுதிசெய்தபின்’ என்பதை, ‘மருத்துவர் தொற்று என முடிவுசெய்தபின்’ என்று திருத்திக்கொள்கிறேன். நீங்கள் குறிப்பிடுபவர்களுக்குக் ‘கிருமி அகப்படாத முள்வட்டுத் தொற்று’ என்று எழுதலாம். ‘கிருமியற்ற’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். அகப்படாமை வேறு, இல்லாமை வேறு.