ஜெனரேட்டரையும் பேட்டரி ரேக்கையும் எப்படிக் கட்டிப்போடுவது?

வணக்கம் நண்பர்களே. போர்ட் பிளேரில் ஒரு சின்ன மருத்துவமனையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அந்தமான் நிலநடுக்க அபாயம் மிக அதிகமான மண்டலத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஐ இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கட்டடம் தாங்கும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். என் கவலை உள்ளே இருக்கும் சாமான்கள்தான். கலிபோர்னியாவின் ஆலிவ் வியூ மருத்துவமனை 1971 நிலநடுக்கத்தில் சிதைந்ததால் உறுதியாகத் திரும்பக் கட்டினார்கள். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் கட்டடம் நின்றது. ஆனால் தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாயும் குளிர்நீர்க் குழாயும் உடைந்து தண்ணீர் கொட்டியதால் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சங்கிலி போட்டாச்சு. (முன்பு ஒன்றுதான் இருந்தது. அதையும் அவசரத்தில் கழற்றினால் திரும்ப மாட்ட மாட்டார்கள்!) அலமாரி வேலையும் முடிந்தது. மாட்டிக்கொண்டு முழிப்பது இரண்டு இடத்தில்.

யுபிஎஸ் பேட்டரி ரேக்கைச் சுவரோடு பிணைக்கலாம் என்றால், அந்தச் சுவர் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்). ஆங்கர் போல்ட் பிடிக்காமல் மாவாக உதிர்கிறது. ஆறடி ரேக்குக்குத் தரையில் மட்டும் போல்ட் போட்டால் போதுமா? மேலே பீமிலிருந்து இரும்பு ஆங்கிள் இறக்கி ரேக்கின் தலையைப் பிடிக்கலாமா?

ஜெனரேட்டர் ஸ்பிரிங் மவுண்ட்மேல் நிற்கிறது. அதிர்வைத் தடுக்க ஸ்பிரிங் வேண்டும்; நிலம் ஆடினால் அதே ஸ்பிரிங் ஜெனரேட்டரைத் துள்ளவிட்டு டீசல் குழாயை முறித்துவிடும். அது நகராமல் தடுக்க நாலு பக்கமும் ஸ்டாப்பர் (தடுப்பு) வைக்கணும் என்று தெரியும். ஸ்டாப்பருக்கும் ஜெனரேட்டருக்கும் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர்? உள்பக்கம் ரப்பர் ஒட்டணுமா?

குஜராத், அசாம் பக்கம் இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் படம் போடுங்கள். வெல்டர் வியாழக்கிழமை வருகிறார்.