ஆராய்ச்சிப் பணம் முதலில் அறிவியலுக்குத்தான் என்றால், கல்வெட்டு படிக்கிற நாங்கள்?

கேள்வி கேட்பவர் (புனைபெயர்): குமிழித்தூம்பு

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்றில் பி.எச்டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புதுக்கோட்டைப் பக்கத்து ஏரிகளில் தண்ணீரைத் திறந்துவிடும் தூம்பு, மதகு கட்டிக் கொடுத்தவர்களைப் பற்றிய கல்வெட்டுகள்தான் என் தலைப்பு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி உண்டு, அதில் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை சில மதிப்பெண்ணில் போய்விட்டது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் நெட் இல்லாதவர்களுக்குக்கூட மாதம் 8,000 ரூபாய் வரும், எங்களுக்கு அதுவும் இல்லை. பேருந்துச் செலவு, மைப்படி (கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் படி) எடுக்கத் தாள், ஊரில் யாரையாவது துணைக்கு அழைத்தால் கூலி என எல்லாம் என் டியூஷன் வருமானத்தில்தான் ஓடுகிறது.

தம்பி இயற்பியல் ஆய்வில் சேர்ந்திருக்கிறான், ஜே.ஆர்.எஃப். 37,000 வாங்குகிறான். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பொங்கலுக்கு வந்தபோது அவன் சொன்ன ஒன்று மனதிலேயே நிற்கிறது. ஆராய்ச்சிக்கு நாடு செலவழிப்பதே ஜி.டி.பி.யில் 0.64 சதவீதம்தான், அதையும் எல்லாத் துறைக்கும் பங்கு போட்டால் யாருக்கும் காணாது, முதலில் அறிவியலுக்குப் போகட்டும் அக்கா, உனக்கு நூலகம் இருந்தால் போதுமே என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் சொல்வது சரியா? அறிவியலில் இருப்பவர்களும் சொல்லுங்கள்.

பதில்: ஹீலியம்

நான் தாழ்வெப்பநிலை இயற்பியல். தம்பி சொன்ன 0.64 சரிதான், அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. அறிவியலுக்குப் பணம் போதவில்லை என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ப்ராஜெக்ட் ஒப்புதல் ஆனபிறகும் தவணை வராமல் எட்டு மாதம் கருவிகளைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் வாங்க முடியாமல் லேப் சும்மா கிடந்தது, என் மாணவர் ஒருவர் அந்த எட்டு மாதமும் உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் அந்தக் குறையை உங்களிடமிருந்து எடுத்து நிரப்ப முடியாது, ஏனென்றால் உங்களிடம் எடுப்பதற்கு எதுவும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து ஆய்வாளர்களுக்கு மாதம் 37,000 வீதம் ஐந்து வருடம் கொடுத்தால் 2 கோடியே 22 லட்சம். நல்ல எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்று அதைவிட அதிகம், அப்புறம் வருடாவருடம் பராமரிப்பு ஒப்பந்தம் தனி. நுண்ணோக்கி வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். பத்துப் பேரின் ஐந்தாண்டு உழைப்பை அதற்குப் போட்டியாக நிறுத்துவதில்தான் அர்த்தமே இல்லை.

2023-ல் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தையும் பாருங்கள். ஐந்தாண்டுக்கு 50,000 கோடி என்றார்கள், அதில் அரசு தருவதாகச் சொன்னது 14,000 கோடி, மீதி பெரும்பாலும் தொழில்துறை போன்ற வெளி இடங்களிலிருந்து வர வேண்டும். மொழி, வரலாறு போன்ற கலைத் துறைகளுக்கும் சமூக அறிவியல் துறைகளுக்கும் அந்தச் சட்டத்தில் இருக்கிற இடம், அவை அறிவியலோடும் தொழில்நுட்பத்தோடும் தொடும் பகுதி மட்டும். தூம்புக் கல்வெட்டை நீர்ப் பொறியியல் என்று பெயர் மாற்றி எழுதினால்தான் கதவு திறக்கும் என்றால் அது நல்ல ஏற்பாடு இல்லை.

பதில்: பானையோடு

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். கரித்துண்டை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்ற காலம் தெரிந்தது, அது இயற்பியல் கொடுத்த கொடை. ஆனால் பானை ஓட்டில் இருந்த கீறலை ‘ஆதன்’ என்று படிக்க ஒருவருக்குத் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து தெரிந்திருக்க வேண்டுமே, அதை எந்தக் கருவியும் செய்யவில்லை.

கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி முத்திரைகளில் உள்ள எழுத்துகளைத் தொகுத்து 1977-ல் தொல்லியல் துறை வழியாக வெளியிட்டாரே, அந்த வேலைக்குக் கணினி கொடுத்தது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். முப்பது வருடம் கழித்து, 2009-ல், அந்த எழுத்துகளின் வரிசை அமைப்பைப் பற்றி சயின்ஸ் இதழில் வந்த கட்டுரையில் இயற்பியல், கணினி ஆட்களோடு அவர் பெயரும் இருந்தது. அவர் உட்கார்ந்து ஒவ்வொரு முத்திரையாகத் தொகுத்திருக்காவிட்டால் அவர்கள் எந்தத் தரவை வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள்? தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

பதில்: வரிகட்டுபவன்

கொஞ்சம் மாற்றுக் கருத்து. நான் பல்கலைக்கழக ஆள் இல்லை. கலைத் துறைகளில் வரும் ஆய்வேடுகள் பலவற்றைப் புரட்டியிருக்கிறேன், பழைய நூல்களிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியவை நிறைய. பணம் கேட்பதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்ல வேண்டாமா? அறிவியலில் சோதனை தவறு என்றால் இன்னொருவர் செய்து பார்த்துக் கண்டுபிடிப்பார்.

பதில்: மைப்படி

வரிகட்டுபவன், நீங்கள் சொல்வது நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எது முதலில் என்று பாருங்கள். களத்துக்குப் போகக் காசு இல்லாதவர் நூலகத்தில் உட்கார்ந்து பழைய நூலைத்தான் எடுத்து எழுதுவார். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஜே.ஆர்.எஃப். வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் சில்லறைச் செலவுத் தொகையே முதல் இரண்டு வருடம் அறிவியலுக்கு ஆண்டுக்கு 12,000, கலைத் துறைக்கு 10,000. ஊர் ஊராக அலைகிறவருக்குக் குறைவு, ஏன்? கல்வெட்டிலும் சரிபார்ப்பு உண்டு, கல் அதே இடத்தில்தான் இருக்கிறது, நான் தவறாகப் படித்தால் நீங்கள் போய்ப் படித்துச் சொல்லலாம்.

அந்தக் கல்லும் எத்தனை நாள் இருக்கும் என்பதுதான் என் கவலை. ஏரி தூர்வாரும்போது தூம்புக் கல்லைப் பெயர்த்து ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள், கோயில் திருப்பணியில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் எழுத்து மழுங்கிய சுவர்களை நானே தடவிப் பார்த்திருக்கிறேன். மைசூரில் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-ல் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. படிகள் வந்தாலும் அவற்றைப் பிரித்துப் படிக்க ஆள் வேண்டும், அந்த ஆள் உருவாகப் பத்து வருடம் ஆகும், இன்றைக்கு அவருக்குச் சோறு போடாமல் பத்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்க மாட்டார்.

கேள்வி கேட்ட தங்கச்சிக்கு: இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் ஜே.ஆர்.எஃப். அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அது யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப்.பிலிருந்து தனி. தூம்புகளின் படத்தையும் அளவையும் இப்போதே எடுத்து வையுங்கள், உதவித்தொகை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

குமிழித்தூம்பு

எல்லோருக்கும் நன்றி. ஹீலியம் அண்ணா போட்ட கணக்கைத் தம்பிக்கு அனுப்பினேன். நூலகம் போதும் என்று சொன்னது தப்பு அக்கா என்று எழுதியிருக்கிறான், ஆனால் பணம் குறைவாக இருக்கும்போது யாருக்கு முதலில் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது என்றும் சொல்கிறான். அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். மைப்படி அக்கா, அந்த வரலாற்றுக் கழக விண்ணப்பத்துக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதுவது பற்றித் தனிச்செய்தியில் கேட்கலாமா? இந்தக் கோடையில் தண்ணீர் வற்றியதும் மூன்று ஏரிகளுக்குப் போகிறேன்.