செவக்காட்டில் நட்ட மரக்கன்றுகள் பங்குனியில் காய்கின்றன. தண்ணீரைக் கூட்டுவதா?

சரளைக்காடு:
வணக்கம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு ஏக்கர் செவக்காடு (செம்மண் நிலம்), ஓரடிக்குக் கீழே சரளை. ஐப்பசி மழையில் பத்தடி இடைவெளியில் வேம்பு, புங்கன், உசிலை, வாகை என்று 400 கன்று நட்டோம். குழி ஒன்றரை அடி. தை வரை தளிர்விட்டு நின்றவை மாசிக் கடைசியிலிருந்து காய்கின்றன, மூன்றில் ஒன்று போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் 2 லிட்டர் ஊற்றுகிறோம். ஈரம் காயாமலிருக்கக் கன்றடியில் கடலைக்கொடி பரப்பி மூடாக்கும் போட்டிருக்கிறோம். வெயிலுக்காகச் சிமெண்ட் சாக்கைக் கன்றைச் சுற்றிக் குழாய் மாதிரி நிறுத்தியிருக்கிறோம். தண்ணீரைக் கூட்டினால் பிழைக்குமா?

நாற்றுமேடை:
கூட்டுவதற்கு முன் செத்ததில் ஐந்தாறைப் பிடுங்கிப் பாருங்கள். லேசாக இழுத்ததும் கையோடு வருகிறதா? மண் மட்டத்தில் பட்டை இருக்கிறதா? அடிவேர் எப்படி நிற்கிறது? இலை ஓரம் கருகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்ததா, பச்சையாக இருக்கும்போதே தொங்கியதா என்பதையும் சொல்லுங்கள். ஓரம் கருகினால் உப்புத் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். போர் தண்ணீர் என்றால் இ.சி. (உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு) எவ்வளவு?

சரளைக்காடு:
போர்தான், இ.சி. 1.4. பெரும்பாலும் பச்சையாகவே தொங்கியவை. இழுத்தால் வந்துவிடுகிறது, அடியில் பட்டையே இல்லை, செம்மண் பூசினாற்போல் இருக்கிறது. புங்கன் சிலவற்றில் பட்டை நன்றாக இருக்கிறது, ஆனால் ஆணிவேர் பை இருந்த அளவுக்குள்ளேயே வளையமாகச் சுற்றி நிற்கிறது. வாகையில் சிலவற்றுக்கு நுனி இல்லை, பிளேடால் சீவினதுபோல் சாய்வான வெட்டு.

நாற்றுமேடை:
அப்போது தண்ணீர் உப்பு இல்லை, அதை விடுங்கள்.

மண் பூச்சு கரையான். கடலைக்கொடியைத் தண்டை ஒட்டிக் குவித்திருப்பீர்கள். காய்ந்த கொடியைத் தின்ன வந்த கரையான் அதன் மறைவிலேயே தண்டுக்கும் போய்விடும். பட்டையைச் சுற்றிலும் தின்றுவிட்டால் இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்காது, வேர் பட்டினியில் சாகும். அதனால்தான் எவ்வளவு ஊற்றினாலும் எழவில்லை. மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வளையமாக வையுங்கள், மூன்று அங்குலக் கனம் போதும். தண்டில் ஏறிய மண்ணைக் குச்சியால் சுரண்டிவிட்டு வாரம் ஒருமுறை பாருங்கள். கன்றுக்குக் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கைப் பாத்தி மேல்மண்ணில் கலக்கலாம். அது வரவிடாமல் ஓரளவு தடுக்கும், வளையமாகத் தின்ற கன்றைக் காப்பாற்றாது. குழியில் மக்காத சாணம் போட்டிருந்தால் வேர்ப்புழுவும் இருக்கும். சந்தேகமுள்ள ஒரு குழியைத் தோண்டிப் பாருங்கள்.

வேர் சுருண்டதற்கு இனி வைத்தியம் இல்லை. பையில் நாள்பட்ட கன்று அது. அடுத்த முறை பையின் அடியை ஓரங்குலம், சுருண்ட வேரோடு சேர்த்துப் பிளேடால் அறுத்துவிட்டு நடுங்கள். நர்சரியில் ஐந்தடி உயரக் கன்றைக் காட்டினால் மயங்க வேண்டாம். ஒன்றரை அடி உயரம், பென்சில் கனத் தண்டு, நடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வெயிலில் தண்ணீர் குறைத்து வைத்தது, அதுதான் செவக்காட்டில் நிற்கும்.

கிளுவைவேலி:
வாகை நுனியை வெட்டியது முயல். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, அதனால் ஆடு கடித்த நுனி பிய்ந்து நாராகத் தொங்கும். ஆட்டுக்குப் போடும் முள் முயலைத் தடுக்காது, அடியில் புகுந்துவிடும். இரண்டடி உயரக் கோழிவலையைக் கன்றைச் சுற்றி வளைத்து, அடி விளிம்பை நான்கு அங்குலம் மண்ணில் புதையுங்கள். ஆட்டுக்கு வெளியே சீமைக்கருவேல முள் போதும். நெற்று இல்லாத கிளையாகப் பார்த்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருசம் அதைப் பிடுங்குவதே வேலையாகிவிடும்.

பாத்திகட்டி:
தண்ணீர்க் கணக்கைப் பாருங்க அண்ணே. இரண்டடி அகல வட்டப் பாத்தியில் 2 லிட்டர் ஊற்றினால் 7 மில்லிமீட்டர்தான் நிற்கும். மேலே இரண்டு அங்குலம் நனையும், மறுநாள் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே படரும். அதே தண்ணீரைச் சேர்த்து வைத்து 10 நாளைக்கு ஒருமுறை 10 முதல் 15 லிட்டர், சாயங்காலம் மெதுவாக ஊற்றுங்கள். மறுநாள் கம்பியைக் குத்திப் பார்த்தால் ஒன்றரை அடி இறங்க வேண்டும்.

நாற்றுமேடை:
கணக்கு சரி. ஆனால் ஒரேயடியாக 10 நாளுக்குத் தாவினால் மிச்சமுள்ளதும் போய்விடும் தம்பி, இப்போது வேர் மேலேதானே இருக்கிறது. முதலில் 4 நாளைக்கு ஒருமுறை 5 லிட்டர், இரண்டு வாரம் கழித்து வாரத்துக்கு ஒருமுறை 10 லிட்டர், பிறகு நீங்கள் சொன்னது. சரளையில் தண்ணீர் நிற்காது, சித்திரையில் 7 நாளுக்கு மேல் இடைவெளி விட வேண்டாம்.

சரளைக்காடு:
பி.வி.சி. குழாய் பதித்து வேருக்கு நேராகவே ஊற்றலாமா? சாக்கை என்ன செய்வது?

பாத்திகட்டி:
குழாய் நல்லதுதான், எல்லாக் கன்றுக்கும் வைத்தால் கட்டுபடியாகாது. இரண்டு அங்குலக் குழாய் ஒன்றரை அடி நீளம், கீழ் ஓரடியில் துளை, உள்ளே சிறு ஜல்லி, தண்டிலிருந்து அரையடி தள்ளிச் சாய்வாகப் பதிக்கணும். ஜல்லி போக அரை லிட்டர்தான் பிடிக்கும், திரும்பத் திரும்ப ஊற்ற ஆள் நிற்கணும். வாய்க்கு மூடி போடாவிட்டால் ஓணான் விழுந்து செத்து நாறும்.

சாக்கை எடுத்துவிடுங்கள். காற்று போகாமல் உள்ளே வெந்துவிடும். சித்திரையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால் பக்கத்து மறைப்பு நடுப்பகலில் உதவாது. 2 மணிக்கு மேல் அடிக்கும் வெயிலை மறைத்தால் போதும். மேற்கே இரண்டு குச்சி நட்டு 50 சதவீத நிழல்வலையை இரண்டடி உயரத்துக்குக் கட்டுங்கள்.

சரளைக்காடு:
காலிக் குழிகளில் இப்போதே மறுநடவு செய்யலாமா?

நாற்றுமேடை:
வேண்டாம். புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்து, மண் ஓரடி நனைந்த பிறகு. காலிக் குழிகளில் பாதிக்குக் கன்றுக்குப் பதில் குடைவேல், உசிலை விதையை நேரடியாகப் போடுங்கள், ஆணிவேர் தடையில்லாமல் இறங்கும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கிக் குடைவேல் விதையை அதில் போட்டு இரவு முழுக்க ஊற விட்டு, குழிக்கு நான்கு விதை, விரல் நக ஆழத்தில். வேப்பங்கொட்டைக்கு இந்த வழி ஒத்துவராது. ஆனி, ஆடியில் பொறுக்கியது சில வாரத்திலேயே முளைப்பு இழந்துவிடும், அதை உடனே பையில் போட்டு வளர்த்துத்தான் நட வேண்டும். வரப்போரத்துக்குப் பனங்கொட்டை. அதற்கு மூடாக்கும் வேண்டாம், வலையும் வேண்டாம்.