போர்ட் லூயிஸ் கடையில் சனிக்கிழமைக் கச்சேரி நிற்கப் போகிறது, யோசனை சொல்லுங்கள்

தொப்பிப்பக்கம் (ரோஸ் ஹில்):

வணக்கம். பகலில் கணக்கு எழுதும் வேலை, சாயங்காலம் சுமாரான மிருதங்கம். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கற்றது. குருவுக்குப் பெருமை சேர்க்கிற வாசிப்பு இல்லை, தாளம் தப்பாது, அவ்வளவுதான்.

கேள்வி ஒரு கடையைப் பற்றி. பெயர் வேண்டாம், இங்கே மொரீஷியஸில், போர்ட் லூயிஸில் வாத்தியம் வாங்கியவர்களுக்குத் தெரியும். வாசல் பக்கம் கிடாரும் ரவான் என்ற இந்தத் தீவின் தோல் மேளமும், உள்ளே போகப் போக ஆர்மோனியம், தவில், மிருதங்கம். கடைக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட அண்ணா என்றுதான் கூப்பிடும்.

சனிக்கிழமை மதியத்தோடு அந்தத் தெரு அடங்கிவிடும். மாதத்தின் முதல் சனிக்கிழமை அண்ணா கல்லா மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போடுவார். மைக், ஸ்பீக்கர், சுருதிப்பெட்டி எல்லாம் கடையுடையது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். போர்ட் லூயிஸ் பழைய நாடகக் கொட்டகையும் எங்கள் ரோஸ் ஹில் பிளாசா அரங்கும் பழுது பார்க்கிறோம் என்று வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த காலத்தில், அரங்கேற்றம் முடித்த பிள்ளைக்கு அடுத்த மேடை அந்தக் கடைதான்.

ஒருமுறை என் மிருதங்கத்தோடு ஒரு சிறுமி வர்ணம் பாடி முடித்தாள். அடுத்தது ஒரு ரவான்காரர். சந்தில் செய்தித்தாளைக் கொளுத்தி ஆட்டுத்தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். அண்ணா என்னைப் பார்த்து, "தம்பி, நீ எழுந்திருக்காதே, அவரோடு வாசி" என்றார். ரவானோடு பாடும் இந்தத் தீவின் சேகாவின் நடை நமக்குத் திஸ்ரம், அதாவது மும்மூன்றாக எண்ணுகிற நடை, மாதிரிதான் கேட்கிறது. அந்தத் தைரியத்தில் கை வைத்தேன். இரண்டே நிமிஷத்தில் என் கணக்கெல்லாம் போயிற்று. அவர் எண்ணவே இல்லை, தோளால் வாசித்தார். வகுப்பில் எனக்கு வராதது அன்றைக்குக் கொஞ்சம் வந்தது.

2024 ஜனவரி 15, பெலால் புயல். பொங்கல் நாள். "பால் பொங்கும் முன்னே தெரு பொங்கிவிட்டது" என்று அண்ணா இப்போது சிரிக்கிறார், அன்று சிரிக்கவில்லை. கீழ்த்தட்டில் இருந்த மூன்று மிருதங்கத்தில் வலந்தலைச் சாதம், அதாவது வலப்பக்கத் தோலின் கறுப்புப் பூச்சு, கரைந்து வழிந்துவிட்டது. ஆர்மோனியத் துருத்தி ஊறிப்போயிற்று. பத்தாம் நாள் தைப்பூசம். மேல்தட்டில் தப்பியிருந்த இரண்டு தவிலையும் வாடகை கேட்காமல் எங்கள் கோவில் காவடிக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு கடை நிமிரவே இல்லை. கல்யாண அலங்காரக்காரர் ஒருவர் ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்துக் கிழித்துக் கொண்டுவந்து வைத்தார், காசு இன்றுவரை வரவில்லை. போன மாதம் அண்ணா சொன்னது: "பாட்டுக் கேட்க நாற்பது பேர், தந்தி வாங்க நாலு பேர். தந்தியை எல்லோரும் இணையத்தில் வாங்கிவிட்டு மாட்டித் தரச்சொல்லி என்னிடம் வருகிறார்கள்." டிசம்பரோடு சனிக்கிழமையை நிறுத்தப் போகிறாராம். டிக்கெட் போடலாமே என்றால் முகம் சுருங்குகிறது. உங்கள் ஊரில் இப்படிப்பட்ட கடையை எப்படிக் காப்பாற்றினீர்கள்?

வக்வா தவில்:

தம்பி, அந்தக் கடையில் என் முதல் தவிலைத் தவணையில் வாங்கினேன். தாளில் எழுதவில்லை, அவர் மனசிலேயே எழுதிக்கொண்டார்.

டிக்கெட்டை விடுங்கள். தவில் வாங்கினவன் பத்து வருஷத்துக்கு இன்னொரு தவில் வாங்கப் போவதில்லை. அவன் திரும்ப வருவது தோலுக்கும் விரலில் மாட்டும் கூட்டுக்கும். மிருதங்கக்காரன் மூட்டு, அதாவது வாய்த்தோல், மாற்ற வருவான், வார் இழுக்க வருவான். எங்கள் வக்வா, கியூர்பிப் பக்கத்து ஈரத்துக்குத் தோல் தொய்ந்துகொண்டே இருக்கும். போர்ட் லூயிஸில் சேர்த்த சுருதி மெட்ரோவில் மேலே ஏறி வருவதற்குள் பாதி இறங்கிவிடும். ஆகவே பழுதுவேலைக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் போகிறோம், அதுதான் கோளாறு. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் எல்லாக் கோவில் தவிலும் அவர் வாசலில் கிடக்கும். அவர் ராத்திரி முழுக்க உட்காருவார். காசு பங்குனியில் வரும், சில கோவிலிலிருந்து அதுவும் வராது.

கோவில்கள் தீபாவளி கழிந்ததுமே வாத்தியத்தைக் கொடுத்து, பாதிக் கூலியை முன்பணமாகக் கட்டட்டும். எங்கள் கோவிலில் நான் பேசுகிறேன்.

பாடுகிறவள் (கத்ர் போர்ன்):

நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்லப் போகிறேன், கோபிக்காதீர்கள். அங்கே மூன்று முறை பாடியிருக்கிறேன். தேநீரும் காத்தோ பிமா என்ற காரவடையும் கிடைத்தது. பக்கவாத்தியக்காரருக்கு டாக்சிக் காசு என் கையிலிருந்து போயிற்று. கடைக்கு நஷ்டம், ரசிகருக்கு இலவசம், சரி, வாசித்தவருக்கு? "ஆதரவு" என்று எல்லோரும் சொல்கிறோம், அதில் எங்கள் உழைப்பும் சேர்த்தி என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பாதிப் பல்லவியில் எனக்குக் குரல் உடைந்தது. அண்ணா சட்டென்று சுருதியை அரைக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, ஸ்பீக்கர் கெட்டுப்போன மாதிரி அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்கும் தெரியவில்லை. அதற்காகவே இன்னொரு முப்பது முறை இலவசமாகப் பாடலாம்தான். எனக்குப் பின்னால் வரும் பிள்ளைகளும் இலவசமாகவே பாட வேண்டுமா?

டிக்கெட் வேண்டாம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு ரவானைக் கவிழ்த்துச் சுற்றி அனுப்புங்கள். விழுவதில் பாதி வாசித்தவருக்கு, பாதி கடைக்கு.

வக்வா தவில்:

தங்கச்சி, நீ சொன்னது நியாயம். ஆனால் வாத்தியத்தில் காசு போடாதே அம்மா. வேறு பாத்திரமே இல்லையா?

சாந்தாந்த்ரே மலபார்:

ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். என் தமிழ் பள்ளியில் கற்றதல்ல, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நாங்கள் இம்மாதிரி வேலையைக் கடைக்காரர் தலையில் வைப்பதில்லை. பிரெஞ்சுக்காரர்களின் 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சங்கம் பதிவு செய்துவிடுவோம். சங்கம் நகராட்சியிடம் மண்டபமும் மானியமும் கேட்கலாம். தனிக் கடை கேட்டால் வியாபாரம் என்று தள்ளிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பாட்டான மலோயா 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, உங்கள் சேகா 2014இல். பட்டியலில் ஏறியதால் மலோயாவின் மேளமான ரூலேருக்குத் தோல் தானாக வந்து சேரவில்லை. கையெழுத்துப் போட ஒரு சங்கம் இருந்தது, அதனால் வந்தது.

உங்கள் நாட்டிலும் சங்கப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறதே. ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். நீங்கள்தான் கணக்கு எழுதுகிறவர் ஆயிற்றே!

தொப்பிப்பக்கம் (ரோஸ் ஹில்):

எல்லோருக்கும் நன்றி. கணக்குப் புத்தகம் என் தலையில் விழும் என்று தெரிந்திருந்தால் தொழிலைச் சொல்லாமலே இருந்திருப்பேன்.

நேற்றுக் கடைக்குப் போய் இந்தத் திரியை அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். முன்பணம் என்றதும், "கோவில்காரர் கொடுத்தால் வேண்டாம் என்பேனா?" என்றார். சங்கம் என்றதும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு அலர்ஜி. அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் சாவியை மட்டும் கொடுங்கள் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சினிமாப் பாட்டு வாசித்தால் மொரீஷியஸ் படைப்பாளர் சங்கத்துக்கு உரிமத் தொகை போக வேண்டும், அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். தியாகராஜர் 1847லேயே போய்விட்டார், அவர் கீர்த்தனைக்குச் செலவில்லை.

கத்ர் போர்ன் அக்கா எழுதியதை வாசித்தபோதுதான் அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் உள்ளே போய், வெள்ளத்தில் கெட்டுப்போன ஆர்மோனியத்தின் மரப்பெட்டியை எடுத்து வந்தார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, மூடியில் மட்டும் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறது. "இதில் போடட்டும். ஆனால் பாதி இல்லை, முழுசும் வாசித்தவனுக்கே." வக்வா ஐயா, இது வாத்தியம் இல்லை, வாத்தியத்தின் வீடுதான். உங்களுக்குச் சம்மதமா?

இன்னொரு விஷயம். அந்த மூன்று மிருதங்கத்துக்கும் கட்டையில் பழுதில்லை, நல்ல பலாக்கட்டை. மூட்டு மட்டும் வேண்டும். சென்னைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் எழுதுங்கள், வாய் அளவு எடுத்து அனுப்புகிறேன். தோல் சாமான் கொண்டுவர இங்கே என்ன அனுமதி வேண்டும் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துச் சொல்கிறேன்.