சண்டை பிடிக்காதவர்களுக்கு ஸ்டார்டியூ வேலியைப் பரிந்துரைக்கலாமா?

தூறல்:
“சண்டையே இல்லாமல், மனசு லேசாகிற மாதிரி ஒரு கேம் சொல்லுங்கள்” என்று யார் கேட்டாலும் வருகிற முதல் பதில் ஸ்டார்டியூ வேலி. 2016இல் வந்த அருமையான விவசாய கேம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அது தவறான பதில். சுரங்கத்தில் 120 தளங்கள். ஸ்லைம் என்ற கூழ் அரக்கன், வௌவால், எலும்புக்கூடு என்று வரிசையாக வந்து மேலே விழும். செம்புத் தாதும் இரும்புத் தாதும் பெரும்பாலும் அங்கேதான். அவை இல்லாமல் கருவியை மேம்படுத்த முடியாது, தெளிப்பான் செய்ய முடியாது. தெளிப்பான் இல்லையென்றால் தினமும் காலையில் செடி செடியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அடுத்தது கடிகாரம். கேமில் 10 நிமிடம் நகர நமக்கு ஏறக்குறைய 7 நொடி. காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 2 மணிக்கு முடிகிற ஒரு நாள், 14 நிமிடத்துக்குச் சற்று மேலே தாண்டாது. 2 மணிக்குள் படுக்கைக்குப் போகாவிட்டால் மயங்கி விழுந்து, கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு (அதிகபட்சம் 1,000 தங்கம்) போய்விடும். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல ஓட வைக்கிற கேமைப் போய் நிதானமானது என்பதா?

கல்தச்சன்:
தூறல், சுரங்கம் கட்டாயம் என்பது பாதி உண்மை. கொல்லர் கடையில் முதல் வருடம் செம்புத் தாது 75, இரும்பு 150, நிலக்கரி 150 தங்கத்துக்குக் கிடைக்கும். ஒரு பாளத்துக்கு 5 தாது, 1 நிலக்கரி. பூவாளியைச் செம்புக்கு மேம்படுத்த 5 பாளம் வேண்டும். அதாவது 25 தாதுக்கு 1,875, நிலக்கரிக்கு 750, கூலி 2,000. மொத்தம் 4,625. ஒரு ஸ்லைமைக்கூடத் தொடாமல் முடிகிற வேலை.

சுரங்கத்தில் இறங்கினாலும் எல்லாவற்றையும் வெட்ட வேண்டியதில்லை. ஏணி பெரும்பாலும் கல்லுக்கு அடியில் இருக்கும். கல்லை உடைத்துக்கொண்டே விலகிப் போகலாம். சுரங்கத் திறன் 2ஆம் நிலைக்கு வந்தால் 99 கல்லில் ஒரு படிக்கட்டு செய்து நேராக அடுத்த தளத்துக்கு இறங்கலாம். 5 தளத்துக்கு ஒருமுறை லிஃப்ட் நிற்கும்.

கடிகாரம் பற்றி: தனியாக விளையாடும்போது மெனுவைத் திறந்தாலே நேரம் நின்றுவிடும். பலருக்கு இது தெரிவதில்லை. பூவாளியைக் கொல்லரிடம் கொடுத்தால் திரும்பி வர 2 நாள் ஆகும், அதற்குள் செடி வாடுமே என்ற பதற்றமும் தேவையில்லை. டிவியில் நாளைக்கு மழை என்று சொன்னால், இன்று தண்ணீர் ஊற்றிவிட்டுக் கொடுங்கள். மழை ஒரு நாளைப் பார்த்துக்கொள்ளும், மறுநாள் பூவாளி கைக்கு வந்துவிடும்.

தூறல்:
4,625 தங்கம் சரி, எங்கிருந்து வரும்? கேம் கொடுப்பது 500. முதல் பயிரான பார்ஸ்னிப் விதை 20, விற்றால் 35, மிச்சம் 15. அந்தத் தொகைக்கு 300க்கு மேல் கிழங்கு பிடுங்க வேண்டும். தாதைப் பாளமாக்கும் உலைக்கே இன்னும் 20 செம்புத் தாதும் 25 கல்லும் வேண்டும்.

கல்தச்சன்:
யார் பார்ஸ்னிப் மட்டுமே போடுகிறார்கள்? உருளைக்கிழங்கு விதை 50, விலை 80, 6 நாளில் தயார். காலிஃபிளவர் 80க்கு வாங்கி 175க்கு விற்கலாம், 12 நாள். ஒரு பருவத்துக்கு 28 நாள் இருக்கிறது. முதல் வாரமே எல்லாம் வேண்டும் என்று நினைப்பதில்தான் பதற்றம் பிறக்கிறது. கேம் எந்தக் கெடுவும் வைக்கவில்லை. மூன்றாம் வருடத் தொடக்கத்தில், பண்ணையை நமக்கு விட்டுச் சென்ற தாத்தா ஆவியாக வந்து மதிப்பிடுவார், அதையும் பிறகு மறுபடி கேட்டு வாங்கலாம்.

ஊரின் பாழடைந்த சமூகக் கூடத்தைச் சீரமைக்கக் கொடுக்க வேண்டிய பொருள்களில் ஸ்லைமும் வௌவால் இறக்கையும் கேட்பார்கள் என்பது அடுத்த புகாராக வரும். அதற்குப் பதில் ஜோஜா என்ற பெரிய கடையின் வழி இருக்கிறது: உறுப்பினர் அட்டை 5,000, பிறகு ஐந்து திட்டங்களுக்கும் சேர்த்து 1,35,000. பணம் கட்டினால் போதும், வாளே வேண்டாம்.

தூறல்:
அந்த வழியில், கூடத்தைச் சீரமைக்கும் காட்டு ஆவிகளின் கதையே போய்விடும். கேமின் நெஞ்சுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு “பாருங்கள், சண்டை இல்லை” என்றால் எப்படி? புதிதாக வருகிற ஒருவருக்கு இத்தனை சுற்றுவழி சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே அது முதல் பரிந்துரையாக இருக்கத் தகுதியில்லை என்பதற்குச் சான்று. எ ஷார்ட் ஹைக் (2019) கொடுங்கள். ஒரு பறவைப் பெண் மலை உச்சிக்குப் போகிறாள், அவ்வளவுதான். விழுந்தால் அடிபடாது, கடிகாரம் கிடையாது, தங்க இறகு சேரச் சேர உயரமாக ஏறலாம். நேராகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எந்த விளக்கமும் தேவையில்லை.

எட்டுக்கால்:
இருவருமே சண்டை, கடிகாரம் என்று நிற்கிறீர்கள். பயம் என்று ஒன்று இருக்கிறதே? கடலுக்கடியில் பிழைத்திருக்கும் கேமான சப்நாட்டிகாவில் துப்பாக்கி இல்லை என்று சொல்லி இதே மாதிரி ஆட்களுக்குக் கொடுக்கிறார்கள். ஃப்ரீடம் மோடில் பசி, தாகம் இருக்காது; ஆனால் ஆக்சிஜன் தீரும், ரீப்பர் லெவியதான் என்ற ராட்சதக் கடல் விலங்கு இருட்டிலிருந்து வந்து கவ்வும். கிரியேட்டிவ் மோடில் சாக மாட்டீர்கள், ஆனாலும் அது அங்கேயே உலவும், அந்தச் சத்தமும் கேட்கும். சண்டை பிடிக்காத பலருக்குப் பிடிக்காதது அடிப்பது அல்ல, துரத்தப்படுவது. அதைக் கேட்டுவிட்டுத்தான் கேமின் பெயரைச் சொல்ல வேண்டும்.

செட்டிங்ஸிலேயே தீர்வு இருக்கிற கேம்களும் உண்டு. ஸ்லைம்களைப் பண்ணையில் வளர்க்கும் ஸ்லைம் ராஞ்சரில் கேஷுவல் மோடைத் தேர்ந்தால் டார் என்ற கறுப்பு அரக்கன்கள் வரவே வராது. சாதாரண மோடில் அவை ஏன் உருவாகின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: இரண்டு வகை கலந்த லார்கோ ஸ்லைம், மூன்றாவது வகையின் பிளார்ட்டை (ஸ்லைம் கழிக்கும் மணிக்கல்) தின்றால் டார் ஆகிவிடும். ஒரு தொழுவத்தில் ஒரே வகை லார்கோவை மட்டும் அடைத்தால் பாதித் தொல்லை போயிற்று.

மைன்கிராஃப்ட்டில் பீஸ்ஃபுல் வைத்தால் பகை உயிர்கள் தோன்றாது, பசி குறையாது. ஆனால் சிலந்தி இல்லாததால் நூலுக்குத் திண்டாடுவீர்கள். கைவிடப்பட்ட சுரங்கங்களில் ஒட்டடையை வாளால் வெட்டினால் நூல் விழும். எலும்புக்கூடுகளும் வராமல் எலும்பு இல்லாததால் உரத்துக்கு கம்போஸ்டர் வையுங்கள். பிளேஸ் என்ற நெருப்பு அரக்கன் வராது, அதன் கோலும் கிடைக்காது என்பதால் மருந்து காய்ச்சுவது நடக்காது. லாவாவில் விழுந்தால் பீஸ்ஃபுல்லிலும் சாவுதான், கையில் இருந்த பொருளும் எரிந்துபோகும். உலகத்தை உருவாக்கும்போதே, செத்தாலும் பொருளைக் கையில் வைத்திருக்கும் ‘கீப் இன்வென்டரி’யை ஆன் செய்துவிட்டால் அந்த இழப்பு இல்லை.

வெண்ணிலா_7:
எட்டுக்கால் சொன்னதை ஏற்கிறேன். தூறல் சொல்வதில் ஒன்று இடிக்கிறது. எல்லா அழுத்தத்தையும் எடுத்துவிட்டால் மனம் லேசாகும் என்கிறீர்கள். டவுன்ஸ்கேப்பரில் அப்படித்தான், இலக்கு என்று ஒன்றுமே கிடையாது. வீடு மேல் வீடு அடுக்கிவிட்டு அரை மணியில் “இனி என்ன?” என்று உட்காருபவர்கள் ஏராளம். கையைப் பிடித்து இழுக்காத சின்ன இலக்கு ஒன்று வேண்டும். டார்ஃப்ரொமான்டிக் அதற்குச் சரி. அறுகோண ஓடுகளை அடுக்குவது, ஆறு பக்கமும் பொருந்தினால் கூடுதலாக ஓர் ஓடு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். ஓடு தீர்ந்தால் ஆட்டம் முடியும், அது உறுத்தினால் கிரியேட்டிவ் மோடு.

என்னைக் கேட்டால் முதல் இடம் பவர்வாஷ் சிமுலேட்டருக்கு (2022). அழுக்கைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுவது மட்டும்தான் வேலை. முக்கிய முனைகள் நான்கு: 0, 15, 25, 40 பாகை. 0 குறுகியது, வலுவானது, தூரத்துக்கும் பிடிவாதக் கறைக்கும். 40 அகலமானது, வலு குறைவு, கிட்டப் போனால்தான் வேலை செய்யும். தொடக்கக்காரர்கள் 0 பாகையை வைத்துக்கொண்டு முழுச் சுவரையும் கோடு கோடாகக் கழுவி அலுத்துப்போகிறார்கள். சுவருக்கு 25, இடுக்குக்கு 15 என்று மாற்றுங்கள். அழுக்கு வழிந்து கீழே மறுபடி படியாது, ஆகவே மேலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கடைசி 1 சதவீதம்தான் கண்ணில் படாமல் தொல்லை கொடுக்கும்; பெரும்பாலும் விளிம்பின் அடிப்பக்கத்திலோ பின்பக்கத்திலோ இருக்கும். அழுக்கை மின்ன வைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, குனிந்தும் படுத்தும் பாருங்கள். சோப்புக்குக் கேமில் பணம் செலவாகும், ஆனால் அது இல்லாமலே முடிக்கலாம். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்து விரல் வலித்தால், ஒருமுறை அழுத்தினால் தொடர்ந்து பீய்ச்சும்படி மாற்றலாம்.

தூறல்:
பவர்வாஷுக்கு மறுப்பு இல்லை. ஒரு எச்சரிக்கை: அது நம் கண் வழியாகப் பார்க்கும் கேம். பழக்கமில்லாதவர்களுக்குத் தலைசுற்றும். பார்வைக் கோணத்தைக் கூட்டி, மவுஸ் வேகத்தைக் குறைத்துவிட்டு, முதல் நாள் 20 நிமிடத்தோடு நிறுத்துவது நல்லது. அதற்கும் ஒத்துவராதவர்களுக்கு அன்பேக்கிங் (2021) இருக்கிறது. அசையாத காட்சி, பெட்டியிலிருந்து பொருளை எடுத்து அறையில் வைப்பது, எட்டு குடிமாற்றங்கள். தவறான இடம் என்று சிவப்புக் கோடு காட்டுவது எரிச்சலூட்டினால், எதையும் எங்கும் வைக்கலாம் என்ற வசதியை ஆன் செய்யலாம்.

கல்தச்சன்:
பார்த்தீர்களா, உங்கள் பரிந்துரைக்கும் ஒரு செட்டிங்ஸ் தேவைப்படுகிறது.

தூறல்:
ஒரு பொத்தானும், கொல்லர் கடை விலைப்பட்டியலும் ஒன்றா?

கல்தச்சன்:
ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்பேக்கிங் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். எ ஷார்ட் ஹைக்கும் அப்படியே. தினமும் மாலையில் ஒரு மணி நேரம், மாதக்கணக்கில் போய் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பவருக்கு அவற்றை மட்டும் கொடுத்தால் மூன்றாம் நாளே திரும்பி வந்து அடுத்தது கேட்பார்.

எட்டுக்கால்:
அவருக்கு யூரோ டிரக் சிமுலேட்டர் 2 கொடுங்களேன். 2012இல் வந்தது, இன்றும் புதுச் சாலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. விளையாட்டு செட்டிங்ஸில் ஓட்டுநர் களைப்பையும் போக்குவரத்து அபராதத்தையும் அணைத்துவிடலாம். சரக்கை இறக்கும் இடத்தில் பின்னோக்கி நிறுத்துவதுதான் பலரையும் ஓடவைக்கும். அங்கே நிறுத்துவதைத் தவிர்க்கும் வழியைத் தேர்ந்தால் கூடுதல் அனுபவப் புள்ளி மட்டும்தான் கிடைக்காது, கூலி முழுசாக வரும்.

தூறல்:
அதை ஏற்கிறேன். ஸ்டார்டியூவை இரண்டாவது மாதம் சொல்லுங்கள், அதுவும் மெனுவில் நேரம் நிற்கும் என்பதையும் பூவாளியை மழைக்கு முந்தின நாள் கொடுப்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கல்தச்சன்:
அவருக்குத் தோட்டம்தான் பிடிக்கும் என்றால் முதல் மாதமே சொல்வேன். ஆனால் அந்த இரண்டையும் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.